இயந்திரம் இறங்குமுன் ஒரு வார்த்தை: குளத்துப் பொறுப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். குளத்துப் பறவைகளையும் கூடுகளையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவருபவர்களில் ஒருவன் நான். எந்தத் துறைக்கு என்று உறையின்மேல் எழுதாமல் இந்த மடலைத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குளத்தில் தண்ணீர் ஒரு துறைக்குச் சொந்தம், பறவை இன்னொரு துறைக்கு, கரையும் கரையில் கிடக்கும் குப்பையும் மூன்றாவது அலுவலகத்துக்கு. முட்டை யாருக்குச் சொந்தம் என்று கேட்டுத்தான் மூன்று வாசலும் ஏறி இறங்கினோம். விடை கிடைக்கவில்லை. ஆகவே மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். குளத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கூடுகள் இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்வது எங்கள் வழக்கமில்லை. உங்களுக்கு எந்தக் குளம் என்று தெரியும்.

நடந்ததும் தெரியும். கடந்த ஜூலையில், சானல் தண்ணீர் வந்து குளம் நிறைந்து நின்ற நேரத்தில், ஆகாயத்தாமரையை அகற்றுகிறோம் என்று நீளக் கை பொக்லைன் ஒன்று தெற்குக் கரையில் ஏறியது. ஜூன் மாதக் கடைசியிலேயே அந்தக் கரையோரத்தில் எங்கெங்கே கூடுகள் இருக்கின்றன என்று வரைபடம் போட்டு, பதிவேட்டின் நகலோடு உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருந்தோம். 'பெறப்பட்டது' என்ற முத்திரை எங்கள் பிரதியில் தெளிவாக விழுந்திருக்கிறது. இந்த விஷயத்தில் ஒழுங்காக நடந்த ஒரே அலுவலக வேலை அதுதான்.

நீர்மேல் மிதக்கும் இலைகளில் நடக்கும் இலைக்கோழியின் கூட்டைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கூடு போலவே இராது. ஆம்பல் இலையும் பாசியும் சிக்கிக்கொண்ட இடத்தில் ஈரத் தண்டுகள் சில கிடக்கும். அவற்றின்மேல் பம்பரம்போல ஒரு முனை கூர்ந்த நான்கு முட்டைகள், எண்ணெய் தடவியதுபோன்ற பழுப்பு மினுக்கத்தோடு. நீளவால் இலைக்கோழியில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் ஆண்தான். தண்ணீர் ஏறினாலோ ஆபத்து வந்தாலோ முட்டைகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு நகர்த்தவும் அதற்குத் தெரியும்.

அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பக்கெட் ஒருமுறை தண்ணீரில் விழுந்து எழுந்ததும் பச்சைப் பரப்பு முழுவதும் அசைந்து, அந்தக் கூடு இருந்த துண்டு பிய்ந்து தனியாக மிதந்தது. ஆண் பறவை அலகுக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு முட்டையை அணைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தது. பக்கத்து இலையில் வைத்தது. திரும்பி அடுத்த முட்டைக்கு வந்தது. அதற்குள் பக்கெட் வந்துவிட்டது. கரையில் கொட்டிய குவியலைக் கிளறியபோது நீலத் தாழைக்கோழிக் குஞ்சுகளும் கிடைத்தன. கருந்தூவி இன்னும் காயாதவை. அவற்றையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம், 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில்.

இயந்திரத்தை ஓட்டிய தம்பிமேல் எங்களுக்குக் கோபமில்லை. நாங்கள் கத்தியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முட்டை ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கம்பில் சிவப்புத் துணி கட்டியிருப்பது எதற்கென்றே எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை" என்றார். பிறகு ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது, நிறுத்தாதே என்று பதில் வந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். குளத்தில் இயந்திரம் இறங்குவதற்கு முதல் நாள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணை வேண்டாம்.

ஆகாயத்தாமரையை எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதாக ஒரு பேச்சு உலவுகிறது. மடையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகாயத்தாமரையை விடுமுறை நாட்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் வாரிப் போடுகிறவர்கள் நாங்கள். தோள்பட்டை வலிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன்மேல் பாசம் வராது. நாங்கள் கேட்பது காலத்தை. பேச்சிப்பாறை அணை ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பது இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விவசாயிகள் எல்லோருக்கும் மனப்பாடம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களும் அந்தக் கணக்கில்தான் விளைகின்றன. அணை அடைத்தபின் மார்ச் முதல் மே வரை குளத்தில் தண்ணீர் வற்றிக் கிடக்கும். வடக்கேயிருந்து வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அந்த மாதங்களில் கிளம்பிப் போய்விடும். இலைக்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்ட இன்னும் தொடங்கியிருக்காது. வேரோடு வாரி எடுக்கவும், கரையில் காயவிட்டு ஏற்றிச் செல்லவும் அதைவிட நல்ல காலம் இல்லை.

ஜூலையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். அந்தச் செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தண்ணீர். ஈரத்தோடு ஏற்றினால் லாரியில் போவது குளத்துத் தண்ணீர்தான். லோடு கணக்கில் பில் போடுகிறவர்களுக்கு அதில் நஷ்டமில்லை. பக்கெட்டில் சிக்காமல் உடைந்து சிதறிய துண்டுகள் பலவும் தனிச் செடியாகும். கரையில் விட்டுப்போன குவியலை அடுத்த மழை திரும்பக் குளத்துக்குள்ளேயே தள்ளிவிட்டது. இப்போது தெற்குக் கரையில் போய்ப் பாருங்கள், பச்சை மூடிவிட்டது. கூடுகள் மட்டும்தான் போயின.

ஜூலையில் ஏன் என்று கேட்டபோது, நிதி அப்போதுதான் வந்தது என்றார்கள். பறவைகள் நிதியாண்டு பார்த்து முட்டையிடுவதில்லை என்பதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது.

இந்தக் குளத்தில் தாமரை பறிக்கும் பாட்டா ஒருவர் இருக்கிறார். லாரி டியூபில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டே குளம் முழுக்கப் போய்வருவார். தாழைக்கோழி தாமரைத் தண்டைக் கடித்துப் போடுவதால் அவருக்கு உண்மையிலேயே நஷ்டம் உண்டு. சில இடங்களில் வெடி போட்டு விரட்டுகிறார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. இவரும் அந்தப் பறவையை வாய்நிறையத் திட்டுவார். ஆனால் கூடு தட்டுப்பட்டால் டியூபை ஒதுக்கிக்கொண்டு போவார். கரைக்கு வந்ததும், "மடையிலிருந்து மூன்றாவது தென்னைக்கு நேராக, இரண்டு கம்பு தூரம்" என்று எங்களுக்கு இடம் சொல்லுவார். எங்கள் வரைபடத்தில் பாதி அவர் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு இருக்கும் இந்த ஒதுங்கிப்போகும் வழக்கம், கோப்பு வைத்திருக்கும் அலுவலகத்துக்கு ஏன் இல்லை என்று அவரே கேட்கிறார். நான் மழுப்பிவிட்டேன்.

எங்கள் தொலைபேசி எண் உங்களிடம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும்போது, நாளைக் காலைக்குள் பட்டியல் வேண்டும் என்று அந்த எண்ணுக்குத்தான் அழைப்பு வருகிறது. கூழைக்கடா எத்தனை, சங்குவளை நாரை எத்தனை, புத்தளம் உப்பளப் பக்கம் பூநாரை இறங்கியதா என்று கேட்பதெல்லாம் எங்களிடம்தான். பனியில் கரை சுற்றி எண்ணியதைக் கொடுக்கிறோம். பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணி, இபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். அந்த எண்கள் உங்கள் அறிக்கையில் உங்கள் எண்களாக வெளிவருவதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. ஜனவரியில் கிடைக்கிற எங்கள் எண் ஜூலையில் ஏன் கிடைக்காமல் போகிறது என்பதுதான் புரியவில்லை.

சொல்ல வந்ததைவிட அதிகம் சொல்கிறேன், தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதிக்கும் வேம்பனூருக்கும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது இந்த மாவட்டமே மகிழ்ந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நாங்கள் கண்ட வளர்ச்சி பலகைகள்தாம். எங்கள் கரையில் நிற்கும் பலகையில் 'பூநாரை' என்று போட்டிருக்கும் படம் உடம்பெல்லாம் செக்கச்சிவந்த அமெரிக்கப் பூநாரை. இங்கே வருவது வெளிர் உடம்பும் சிறகில் மட்டும் சிவப்பும் கொண்டது. படத்தை மாற்றச் சொல்லிக் கொடுத்த மனுவுக்கும் அதே முத்திரை விழுந்தது. பிப்ரவரி 2ஆம் தேதி உலக ஈரநில நாளன்று எங்களுக்குத் தொப்பியும் சான்றிதழும் தருகிறீர்கள். தொப்பி நன்றாக உழைக்கிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் ஊர்க் கழிவுநீர் குளத்தில் விழும் குழாய் அப்படியே இருக்கிறது. அது ஊட்டி வளர்க்கும்வரை ஆகாயத்தாமரைக்கு ஆயுசு கெட்டி. நான்கு வழிச்சாலைக்காக எத்தனை குளங்களில் மண் விழுந்தது என்பதைப் பேசத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.

எல்லோரும் அப்படியே என்று சொல்லமாட்டேன். 2004 சுனாமி பாலத்தையே அடித்துக்கொண்டு போன மணக்குடியில், அதன்பிறகு கண்டல் என்னும் அலையாத்தி மரக்கன்றுகளை நட்டு, சேற்றில் நின்று வளர்த்த ஊழியர்களை நேரில் அறிந்தவர்கள் நாங்கள். கன்றுக்கு எந்த மாதம் உப்பு ஏறும், எந்த மாதம் நல்ல தண்ணீர் வரும் என்று மீனவர்களிடம் கேட்டு நட்டவர்கள் அவர்கள். அந்தக் கேட்கும் குணத்தைத்தான் இங்கேயும் எதிர்பார்க்கிறோம்.

சட்டத்தை உங்களுக்கு நான் நினைவூட்டுவது சரியல்லதான். ஆனாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்பதற்குள்ளேயே வைத்திருக்கிறது. வேறு யாராவது கவண் கொண்டு அதைச் செய்திருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே சட்டத்தின் 36பி பிரிவு, அரசு அறிவிக்கும் பாதுகாப்புக் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் ஊராட்சியின் பிரதிநிதியும், காட்டுயிர்ப் பாதுகாப்பில் இயங்கும் தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூன்று பேரும் இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் இப்போது அந்த நாற்காலியைக் கேட்கவில்லை. குழு கூடும்போது கூடட்டும். அதுவரை, இயந்திரம் இறங்குமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறோம்.

வடக்குக் கரையில் வேலை பாக்கி இருப்பதாக ஒப்பந்தக்காரர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அங்கே இன்னும் இலைக்கோழி அடைகாக்கிறது. மறுகாலுக்கு அருகே சம்புப் புதரில் தாழைக்கோழிக் கூடுகளும் உள்ளன. புதிய வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையால் வட்டமிட்ட இடங்களை அடுத்த மார்ச் வரை தொடாமல் விட்டால் போதும். மடை வாசலையும் மேற்கு மூலையையும் இப்போதே எடுக்கலாம், அதற்கு நாங்களும் கூடவே இறங்குகிறோம். எந்த நாள், எந்தப் பக்கம் என்று மட்டும் முன்கூட்டித் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அழைப்பு இரவு எந்நேரம் வந்தாலும் எடுப்போம். எண் உங்கள் ஜனவரிக் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
குளத்தங்கரைப் பதிவேட்டை எழுதிவருபவர்களில் ஒருவன்
கன்னியாகுமரி மாவட்டம்