முகாமுக்கு முன்னால் ஒரு நாள் வாருங்கள்

கலை அறிவியல் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தை (என்.எஸ்.எஸ்.) நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு கல்லூரியிலிருந்து எங்கள் ஊருக்கு ஏழு நாள் முகாம் போட வருகிறார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். வந்த பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாரும் தங்கமான பிள்ளைகள். பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்து, அடிபம்பில் குளித்து, முகம் சுளிக்காமல் வேலை பார்த்தார்கள். குறை ஏற்பாட்டில்தான்.

போன மாசியில் கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் வெட்டினார்கள். கையெல்லாம் முள் கிழித்து ரத்தம். என் கடையில் இருந்த மஞ்சள்தூளும் பிளாஸ்டரும் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டன. ஆனால் தரையோடு வெட்டினார்களே தவிர வேரைத் தோண்டவில்லை. தூரை விட்டால் மறுபடி துளிர்த்துவிடும் என்பது இங்கே ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். வைகாசியில் போய்ப் பார்த்தேன். ஒற்றைத் தண்டாக நின்ற இடத்தில் ஏழெட்டுக் கிளை, இடுப்பளவு உயரம். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கரையை விடுங்கள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பாருங்கள் என்றிருப்போம். மேட்டுத் தெருவுக்குப் பின்னால் அது தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசியில் பெய்கிற மழை கண்மாய்க்கு வராமல் ரோட்டில் ஓடுகிறது. அதே வாரம் நட்ட மரக்கன்றுகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். மாசியில் நட்டுவிட்டுப் போனால் சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது?

நானும் ஒரு காலத்தில் என்.எஸ்.எஸ். பிள்ளைதான். கோனார்க் சக்கரம் போட்ட பேட்ஜ் இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் இருக்கிற எட்டு ஆரக்காலும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும் என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் அப்பத்தா கணக்கில் எட்டுச் சாமம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் என்பதையும் மனப்பாடம் செய்தோம். அப்புறம் இரண்டு வருடத்தில் முடிக்கவேண்டிய 240 மணி நேரம். என் கணக்கில் பாதி, கல்லூரி விழாக்களுக்கு நாற்காலி தூக்கியே கழிந்தது. 'நானல்ல, நீ' என்பது திட்டத்தின் முழக்கம். அந்த 'நீ' நாங்கள்தானே, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே?

இந்தமுறை வந்ததில் ஒரு பையன், இரண்டாம் ஆண்டு வரலாறு. எதிர்வீட்டுப் பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு மூன்று தடவை அலைந்து சலித்துப்போனவர் என்று தெரிந்ததும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் வேறு வயது. சிக்கல் அங்கேதான் என்று கண்டுபிடித்து, எதை முதலில் திருத்தவேண்டும் என்று ஒரு நோட்டுத் தாளில் வரிசையாக எழுதினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இ-சேவை மையம் பூட்டு. அன்று மாலையே நிறைவு விழா, போட்டோ, பஸ். மாதம் 1,200 ரூபாய் அந்தப் பாட்டிக்குச் சின்னத் தொகை இல்லை. தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். கடைக்கு வரும்போதெல்லாம், "அந்தத் தம்பி வருமாப்பா?" என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

முகாமில் நடந்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான். அறிக்கையில் அது இருக்காது, ஏனென்றால் அதற்குப் போட்டோ இல்லை.

மாணவர்களைத் தலைவர்களாக்குகிறோம் என்று உங்கள் பேனரில் இருந்தது. நல்லது. அதைக் கற்றுக்கொள்ளத் தோதான இடம் கிராமசபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட உங்கள் பிள்ளைகளை அங்கே பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அவர்களுக்கு ஓட்டு இல்லை, தீர்மானத்தில் கையெழுத்துப் போடமுடியாது, சரி. பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமே. செயலர் வரவுசெலவை எவ்வளவு வேகமாக வாசிக்கிறார், எந்த வரியில் குரல் இறங்குகிறது, பெண்கள் எழுந்து தெருக்குழாயைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வருகிறது, இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குமேல் கிராமத்துப் பிள்ளைகள், பேச்சுக்கொடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. பதினெட்டு முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் சொந்த ஊர் கிராமசபையில் அவர்கள் உறுப்பினர்கள். உங்கள் ஊரில் போனதுண்டா என்று நான் கேட்ட ஆறு பேரில் ஒருத்தி மட்டும் தலையாட்டினாள். அவளும் மரக்கன்று கொடுத்தார்கள் என்று போனாளாம். சொந்த ஊர்ச் சபையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தால், அந்த நேரத்தையும் வருடத்துக்கான 120 மணியில் எழுதிக்கொள்ளுங்களேன்.

வருடத்துக்கு ஒரு ஊர் என்று தாவவேண்டாம். இங்கேயே வாருங்கள். ஆனால் ஏழு நாளையும் மாசியில் கொட்டிவிட்டு மற்ற பதினோரு மாதம் காணாமல் போகாதீர்கள். மாதம் ஒரு வேலைநாளில் நாலு பிள்ளைகள் வந்தால் போதும், பாட்டியின் தாள் மாதிரி இன்னும் பத்துப் பதினைந்து தாள்கள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன.

வருகிற அக்டோபர் 2 அன்று நூலகக் கட்டிடத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் சபை கூடும். யாராவது இரண்டு பேராசிரியர்கள் வாருங்கள். முடிந்ததும் உங்களோடு நடந்து வந்து வரத்துக்காலைக் காட்டுகிறேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், முள் அதிகம். அந்தப் பையனுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்க்கரை மளிகைக்கடைக்காரன்