எச்.ஐ.வி. மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. சிகிச்சை பற்றிய செய்திகளில் டோலுடெகிராவிர் என்ற மருந்தின் பெயர் இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற இம்மருந்து, டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய இரண்டுடன் ஒரே மாத்திரையாகச் சேர்க்கப்பட்டு, நாளுக்கு ஒரு வேளை உட்கொள்ளும் முதல்நிலைச் சிகிச்சையாகப் பல நாடுகளில் வழங்கப்படுகிறது. அதன் சிறப்பை எடுத்துரைப்போர் பலர் இருந்தும், அதனுடன் எவற்றைச் சேர்த்து விழுங்கக் கூடாது என்று சொல்வோர் குறைவாக இருப்பதே இக்கடிதத்தை எழுதக் காரணம்.

எச்.ஐ.வி. கிருமி தன் மரபுப்பொருளை நம் உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகுவதற்கு இன்டெக்ரேஸ் என்ற நொதி தேவை. அந்நொதியில் உள்ள மக்னீசிய அயனிகளைப் பற்றிக்கொண்டுதான் டோலுடெகிராவிர் அதை முடக்குகிறது. உலோகத்தைப் பற்றும் இதே குணம் குடலுக்குள் வினையாகிவிடுகிறது. அங்கே இரும்போ கால்சியமோ அலுமினியமோ எதிர்ப்பட்டால், மருந்தின் ஒரு பகுதி அவற்றோடு பிணைந்து, இரத்தத்தில் கலக்காமலேயே போய்விடுகிறது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை உடன் எடுத்தபோது, உடலில் சேரும் டோலுடெகிராவிரின் அளவு 74 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. வெறும் வயிற்றில் எடுத்த இரும்புச்சத்து மாத்திரை 54 விழுக்காடும், கால்சியம் 39 விழுக்காடும் குறைத்தன.

தீர்வு கடினமானதன்று. இவற்றை உட்கொள்வதற்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ டோலுடெகிராவிரை எடுக்க வேண்டும். இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் மட்டும் உணவோடு சேர்த்து, அதே வேளையிலும் எடுக்கலாம்; அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துகளுக்கு இச்சலுகை இல்லை. (வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் இவ்வகையில் சேராது, அதனால் பாதிப்பில்லை.)

இந்த அறிவுரை கர்ப்பிணிகளுக்கே மிகவும் தேவை. கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாயில் குறைபாடு ஏற்படக்கூடும் என்ற ஐயம் போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வொன்றிலிருந்து 2018இல் எழுந்ததால், கருத்தரிக்கக்கூடிய பெண்கள் பலருக்கு இம்மருந்து தயக்கத்துடனேயே தரப்பட்டது. கூடுதல் தரவுகள் அந்த அச்சத்தைத் தணித்த பின், 2019இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆயினும் நாள்தோறும் இரும்புச்சத்தும் கால்சியமும் உட்கொள்ளுமாறு சொல்லப்படுவோரும் அவர்களே. தாயின் இரத்தத்தில் கிருமி அடங்கியிருப்பதைப் பொறுத்தே குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்க முடியும் என்னும்போது, மாத்திரை விழுங்கும் நேரத்தைச் சிறிய செய்தியாக ஒதுக்கிவிட முடியாது.

நோயை வெளியில் சொல்லத் தயங்குவோர், சத்து மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடமோ நெஞ்செரிச்சல் மருந்து தரும் மருந்துக் கடைக்காரரிடமோ தாம் உட்கொள்ளும் மாத்திரையைப் பற்றிப் பேசமாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர்கள் சொல்லாமலே எச்சரிக்கை அவர்களை அடையும் வழியைத்தான் நாம் காண வேண்டும். எச்.ஐ.வி. மருந்து வழங்கும் மையங்கள், மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே இந்த 2 மணி, 6 மணி நேரக் கணக்கை நோயாளி படிக்கும் மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்போருக்கு டோலுடெகிராவிர் நாளுக்கு இரு வேளை தேவைப்படும் என்பதையும், நீரிழிவுக்கான மெட்ஃபார்மினின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் அதே தாளில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்