டார்பி ரசிகர்கள் ரவுடிகளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொல்கத்தாவின் பரம வைரிகளான ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் கால்பந்து அணிகள் மோதும் ‘டார்பி’ ஆட்டம் என்றாலே ‘ரசிகர்கள் ரகளை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன், ரகளையெல்லாம் மறுநாள் மீன் கடையில்தான். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சாவுக்குக் கிராக்கி, மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்கு. தோற்ற கட்சிக்காரரிடம் கடைக்காரர் வேண்டுமென்றே “எத்தனை கிலோ, தாதா?” என்பார் (வங்காளத்தில் ‘தாதா’ என்றால் அண்ணன்). (சைவமான எனக்கு வேடிக்கை மட்டும்.)

1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்ததை மறுக்கவில்லை. அவர்கள் நினைவாக அதே நாளில் இங்கே ரத்ததான முகாம் நடக்கிறது. நம் பத்திரிகைகளில் அதைப் பார்த்த நினைவில்லை.

2024 ஆகஸ்டில், ஆர்.ஜி. கர் மருத்துவமனைப் பெண் மருத்துவர் கொலையை எதிர்த்து ஊரே கொதித்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி டியூராண்ட் கோப்பை கால்பந்துப் போட்டியின் டார்பியை ரத்து செய்தார்கள். அன்று சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே இரு அணி ரசிகர்களும் அவரவர் கொடியோடு ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். தடியடியும் வாங்கினார்கள். ஆட்டத்துக்குப் போதாத போலீஸ், இவர்களைக் கலைக்க மட்டும் எங்கிருந்து வந்தது?

- ஒரு வாசகர்,
லேக் மார்க்கெட், கொல்கத்தா.