விளையாடினேன் என்கிறானா, சரிதான்

அன்புள்ள மகளுக்கு,

ஃபோனில் பாதியில் விட்டதை எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் பாலர் வகுப்புக்குப் போய்வந்த உன் பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்டால் "விளையாடினேன்" என்கிறான், பையில் கிறுக்கிய தாள் ஒன்றுதான் இருக்கிறது, இதற்கா இத்தனை பாடு என்று கேட்டாய். இத்தனை வருஷம் அந்த வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அவன் உண்மையைத்தான் சொல்கிறான்.

ஐந்து மரக்கட்டைகளை அவன் முன்னால் வைத்து எண்ணச் சொல்லிப் பார். ஒவ்வொன்றாகத் தொட்டு ஐந்து வரை சரியாக எண்ணுவான். உடனே, "மொத்தம் எத்தனை?" என்று கேள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. கட்டைக்கு ஒன்றாக எண்ணைச் சொல்லிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். ஒருநாள் திரும்ப எண்ணாமல் "அஞ்சு" என்பான் பார், அதுதான் கணக்கின் தொடக்கம். நூறு வரை ஒப்பிப்பது அதன் பக்கத்தில்கூட வராது, அது ஒரு பாட்டு மாதிரி. அதே கட்டைகளை அவன் கண்முன்னே கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் இப்போது அதிகமாகிவிட்டது என்பான். பியாஜே என்ற அறிஞர் இதை எப்போதோ சோதித்துக் காட்டிவிட்டார். ஆறேழு வயதில் தானாகத் தெளியும். நீ உட்கார்ந்து திருத்தாதே.

அந்தத் தாளுக்கு வருகிறேன். ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்ததாகச் சொன்னாயே, அது கிழிசல் இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கப் பழகுகிறான். ஒரு கை திறந்து மூட வேண்டும், மறு கை தாளைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்வது அந்த வயதுக்குச் சாதாரணமில்லை. முதலில் ஓரத்தில் ஒரு வெட்டு, அப்புறம் நேர்கோடு. வட்டம் வெட்டத் தாளையே திருப்பிக்கொண்டு போக வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். பென்சிலைப் பிடிக்கப்போகும் விரல்கள் இப்படித்தான் பலப்படுகின்றன. நாளைக்கு எழுத ஆரம்பித்து, கண்ணாடியில் பார்த்த மாதிரி எழுத்தைத் திருப்பிப் போட்டாலும் பதறாதே. ஏழு வயது வரைக்கும் பல பிள்ளைகள் அப்படித்தான்.

யாரோடும் சேராமல் தனியாக விளையாடுகிறான் என்று மிஸ் சொன்னதாக வருத்தப்பட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து, அதே பொம்மையை வைத்து, அவரவர் ஆட்டத்தை ஆடுவதும் ஒரு கட்டம்தான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே இதையெல்லாம் வகைப்படுத்தி எழுதிவிட்டார். அவன் சும்மா இருப்பதாகத் தெரியும், ஆனால் பக்கத்துப் பிள்ளை கட்டையை எப்படி அடுக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு வாரத்தில் பகிர்ந்துகொள்ளக் கற்றுவிடுவான் என்று எதிர்பார்க்காதே. "அடுத்து உன் முறை" என்று மிஸ் சொன்னால் அது நிஜமாகவே வருகிறது என்று கண்டுகொண்டால் போதும்.

கடிகாரம் பார்க்கத் தெரியாதவனுக்கு வகுப்பின் வரிசைதான் கடிகாரம். பையை மாட்டு, பாயில் உட்கார், பாட்டு, விளையாட்டு, கதை; கதை முடிந்தால் அம்மா வருவாள். வாரக் கடைசியில் வாசலில் அழுகை குறைந்ததற்கு இதுதான் காரணம். இரண்டு நாள் லீவுக்குப் பிறகு திங்கட்கிழமை மறுபடி அழுதால் பழைய குருடி கதவைத் திறடி என்று நினைத்துவிடாதே, அதுவும் ஓயும்.

இந்த மாதிரி பாலர் வகுப்பை 1837-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃப்ரோபெல் கையில் எடுத்ததும் நூல் பந்தும் மரக்கட்டையும்தான். அப்போதைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசாங்கம் 1851-இல் இந்த வகுப்புகளுக்குத் தடையே போட்டுவிட்டது. அடுத்த வருஷம் மனிதர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-இல். பிள்ளைகள் கட்டை அடுக்கியதைப் பார்த்து ஓர் அரசாங்கம் பயந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இனிமேல் என்ன படித்தாய் என்று கேட்காதே, அவனிடம் அதற்குப் பதில் இருக்காது. பக்கத்தில் யார் உட்கார்ந்தது, கதையில் யார் வந்தது என்று கேள், கொட்டுவான். கிறுக்கலைக் காட்டினால் "இது என்ன?" என்பதைவிட "இதைப் பற்றிச் சொல்லு" என்பது மேல். என்னவென்று அவனே இன்னும் முடிவு செய்திருக்க மாட்டான்.

மாப்பிள்ளை எழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கப்போவதாகச் சொன்னார். நோட்டு இருக்கட்டும், முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று வாங்கச் சொல். பிள்ளை எதற்கும் இடது கையைத்தான் நீட்டுகிறான், அதனால் இடக்கைக்காரர்களுக்கான கத்தரிக்கோலாகப் பார்த்து வாங்கட்டும். மற்றதில் வெட்டினால் வெட்ட வேண்டிய கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும், பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும்.

அன்புடன்,
அம்மா