உள்ளே ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் படகைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதியிலேயே நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அடுத்த வீட்டுப் பெரியவர் தோட்டத்து மூலையில் போட்டிருந்த மீன்பிடிப் படகு இது. அலுமினியம், 14 அடி. தனக்கு வயதாகிவிட்டது, இனி ஏரிக்குப் போகப் போவதில்லை, எடுத்துக்கொள் என்றார். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடத்தில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு பொருளைக் கையில் கொடுத்தது அதுதான் முதல் முறை. அன்றிலிருந்து சனி, ஞாயிறு எல்லாம் படகோடுதான்.

மரப்படகாக இருந்தால் நீங்கள் தட்டிப் பார்த்தே எங்கே உளுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள். இதில் பார்வைக்கு எதுவும் தெரியவில்லை. தகடு கெட்டியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒழுகியது. நீங்கள் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி வைத்துக் கலப்பத்து அடிப்பீர்களே, அதற்கு இங்கே இடமில்லை. தகட்டின்மேல் தகடு ஏற்றி, இரண்டையும் கோக்கும் ரிவிட் ஆணிகளை வரிசையாக அடித்து முடுக்கியிருக்கிறார்கள். வருடக்கணக்கில் அலையில் அடிபட்டு ரிவிட்டுகள் தளர்ந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் இடுக்கில் தேங்கிய தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. அதுவும் நெம்பிவிடும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்கள். படகைக் கட்டைகள்மேல் ஏற்றி, உள்ளே தண்ணீரை ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பது. நாலு விரல் உயரத்துக்குமேல் ஊற்றவில்லை. அதற்கே நூற்றுக்கணக்கான கிலோ பாரம் என்பதால் அடியில் நெடுக முட்டுக் கொடுத்தேன். உங்கள் பேத்தி மெழுகுப் பென்சிலோடு படகுக்கு அடியில் தவழ்ந்து, சொட்டும் இடத்திலெல்லாம் வட்டம் போட்டாள். எண்ணிப் பார்த்தால் 23.

பற்றவைத்து அடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது, திடீரென்று இளகி விழுந்துவிடும். ஆனால் அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்குமேல் வேண்டும். மெல்லிய பழைய தகட்டில் அந்த வேலை தேர்ந்த கைக்கே கடினம். சூடு பரவிப் பக்கத்து ரிவிட்டுகளும் தளரலாம். ஆகவே தளர்ந்த ரிவிட்டுகளை மறுபடி அடித்து இறுக்கினோம். இது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. உங்கள் மருமகள் உள்ளே உட்கார்ந்து கனமான இரும்புக் கட்டியை ரிவிட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க, நான் வெளியிலிருந்து தலையில் அடிப்பேன். கட்டி சரியாகப் பொருந்தியிருந்தால் சத்தமே வேறு மாதிரி கேட்கும். ஐந்தாறு அடித்ததுமே அவள் காதாலேயே கண்டுகொண்டாள். இறுகாத நாலைந்தைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிது போட்டோம்.

உண்மையான சீக்கு பின்பக்கத்தில் இருந்தது. மோட்டார் மாட்டும் இடத்தில் தகட்டுக்கு உள்ளே ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள். கரண்டியால் தோண்டினால் ஈர மண்ணாக வந்தது. புதுப்பலகை வாங்கப் போனபோது, அழுகாத மரம் என்று ஒன்றைக் காட்டினார்கள். நல்லவேளை, விசாரித்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன். அழுகாமலிருக்க அதில் செம்பு உப்பு ஏற்றியிருக்கிறார்கள். செம்பு அலுமினியத்தைத் தொட்டபடி ஈரத்தில் கிடந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும். இதை என் கண்ணாலேயே பார்த்தேன் அப்பா: படகின் அடியில் எந்தக் காலத்திலோ விழுந்த, செம்பு கலந்த ஒரு பித்தளைத் திருகு. அதைச் சுற்றி வெள்ளைப் பொடி. துடைத்தால் ஊசி நுழையும் ஓட்டை! படகு முழுக்கப் பார்த்ததில் தகடு தானாகக் கெட்ட இடம் ஒன்றுகூட இல்லை. கெட்டதெல்லாம் வேறு பொருள் அதோடு ஒட்டிக் கிடந்த இடத்தில்தான். கடைசியில் சாதாரண மரைன் ஒட்டுப்பலகையே வாங்கி, ஆறு பக்கமும் போல்ட் துளைக்குள்ளும் ஈரம் புகாதபடி எபாக்சிப் பிசின் பூசி வைத்தேன்.

இருக்கைக்கு அடியில் நுரைக்கட்டிகள் இருந்தன. படகு நிரம்பினாலும் மூழ்காமலிருக்க வைப்பது அது. 100 லிட்டர் அளவு நல்ல நுரை, கிட்டத்தட்ட 100 கிலோவை மிதக்கவைக்கும். இதில் இருந்தது தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. பிள்ளையை ஏற்றிப் போகிற படகு என்பதால் எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிது அடைத்தேன்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று ஈரமாக்கித்தான் தேய்த்தோம், முகமூடியோடு. இரும்புக் கம்பி பிரஷ் தொடவில்லை. அதன் துணுக்கு தகட்டில் பதிந்தால் துருப் பிடிக்கும். காஸ்டிக் சோடாவும் ஆகாது, அலுமினியத்தையே கரைக்கும். தேய்த்த அன்றே அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்துவிட்டேன். மேல்பூச்சுக்குப் பேத்தி பச்சை கேட்கிறாள்.

போன ஞாயிறு மறுபடி தண்ணீர் ஊற்றினோம். ஒரு மணி நேரம் மூவரும் குனிந்தே நின்றோம். முன்முனையில், அணியத்துக்குக் கிட்டே ஒரே ஒரு ரிவிட் மட்டும் வியர்த்தது. அதை இந்த வாரம் அடித்துவிடுவேன்.

இனித் துடுப்பு. அதை மட்டும் கடையில் வாங்க மனமில்லை. மரத்தில் நானே செதுக்கப் போகிறேன். படகின் அகலம் ஓரத்திலிருந்து ஓரம் 4 அடி 8 அங்குலம். இதற்குத் துடுப்பு எவ்வளவு நீளம் வைக்க வேண்டும், பிடியிலிருந்து எவ்வளவு உள்ளே விட வேண்டும், அலகை எங்கே மெலிக்க வேண்டும் என்று கையால் வரைந்து அனுப்புங்கள். கட்டையை இன்னும் அறுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்