ஆறு மாத ஊசிக்கும் முதல் வாசல் பரிசோதனைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுக்கு இரண்டு முறை போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் லெனகாபவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. அதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில் தகவல் பிழை ஏதும் இல்லை. ‘எய்ட்ஸ் கதை முடிந்தது’ என்கிற தொனிதான் உறுத்துகிறது. இந்த ஊசியானாலும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள தினசரி தடுப்பு மாத்திரையானாலும், ஒருவர் பரிசோதனைக்கு வந்த பிறகே தொடங்க முடியும். உலகம் ஆட்களைத் தவறவிடுவது அந்த இடத்திலும் அதற்கடுத்த சில படிகளிலும்தான். அவை செய்திகளில் வருவது அபூர்வம் என்பதால் கடிதம் சற்று நீளமாகவே இருக்கும். பொறுத்தருள்க.

ஊசியின் பெருமையைக் குறைப்பது எங்கள் நோக்கமல்ல. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையிலான பெண்களிடம் நடந்த ‘பர்ப்பஸ் 1’ ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அதே ஆய்வில் தினசரி மாத்திரை தரப்பட்ட இரண்டு குழுக்களிலும் சேர்த்து 55 பேருக்கு வந்தது. மாத்திரை மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தபோது, பெரும்பாலோர் அதை ஒழுங்காக விழுங்கவில்லை என்று தெரிந்தது. மாத்திரைக் குப்பியை யாராவது பார்த்தால் ‘இவளுக்கு எச்.ஐ.வி.’ என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பெரிய காரணம். ஊசியின் வெற்றியில் பாதியாவது, அது வெளியே தெரியாமல் உடம்புக்குள் இருந்துவிடுவதால் வந்தது.

இனி, அதைப் போடும் முறை. முதல் நாள் வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் 1.5 மி.லி. வீதம் இரண்டு ஊசிகள், மொத்தம் 927 மி.கி. அன்றே 300 மி.கி. மாத்திரை இரண்டு, மறுநாள் மேலும் இரண்டு. தோலுக்கடியில் தேங்கும் மருந்து மெல்லக் கசிந்துதான் ரத்தத்தில் சேரும். அதுவரை உள்ள இடைவெளியை நிரப்புவது இந்த நான்கு மாத்திரைகளே. ஊசி போட்டாயிற்றே என்று மறுநாள் மாத்திரையை விட்டுவிட்டால் காப்பு தள்ளிப்போகிறது. அடுத்த ஊசி 26 வாரத்தில், இரண்டு வாரம் முன்பின் இருக்கலாம். 28 வாரம் தாண்டிவிட்டால் மறுபடி பரிசோதித்து, மாத்திரைகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தின் அளவு இறங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிறுத்தும்போதுதான் சிக்கல் அதிகம். கடைசி ஊசிக்குப் பிறகு ஓராண்டு வரையிலோ அதற்கு மேலுமோ மருந்து சிறிதளவு உடம்பில் தங்கும். தொற்றைத் தடுக்க அந்த அளவு போதாது. ஆனால் அப்போது தொற்றிய வைரஸ் அந்த மருந்துக்கு மசியாததாக மாற அது போதும். ஆகவே ஊசியை விட்டவர், தொற்று வாய்ப்பு தொடர்ந்து இருந்தால், தினசரி மாத்திரை போன்ற வேறு காப்புக்கு உடனே மாற வேண்டும். ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் தொற்றில்லை என்று உறுதிசெய்வதற்கும் இதுவே காரணம். ஏற்கெனவே தொற்றியிருக்கும் ஒருவருக்கு இந்த ஒற்றை மருந்தை மட்டும் கொடுப்பது, அது எதிர்காலத்தில் அவருக்குப் பயன்படாமல் செய்துவிடும் வேலை.

பரிசோதனைக்கு வருவோம். 2024 முடிவில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் 4 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் தொற்றை அறிந்தவர்கள் 87 சதவீதம். அதாவது ஏறக்குறைய 53 லட்சம் பேருக்குத் தெரியவே தெரியாது. சிகிச்சையில் இருப்பவர்கள் 3 கோடியே 16 லட்சம். அந்த ஒரே ஆண்டில் புதிதாகத் தொற்றியது 13 லட்சம் பேருக்கு. எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்தவர்கள் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர். 2010-ஐவிடப் புதிய தொற்று 40 சதவீதம் குறைந்திருக்கிறது. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் பாதிக்கு மேல் சரிந்ததே இதற்கு முக்கியக் காரணம். கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியா, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் அது கூடியிருக்கிறது. உலகச் சராசரியை மட்டும் அச்சிடும்போது இந்த முரண் மறைந்துவிடுகிறது.

பயந்துபோன ஒருவர், தொற்று வாய்ப்புள்ள சம்பவம் நடந்த ஐந்தாம் நாளே ஆய்வகத்துக்குப் போகிறார்; ‘இல்லை’ என்று முடிவு வருகிறது; நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார். அந்த முடிவு அவருடைய பழைய நிலையைத்தான் சொன்னது. ஆன்டிபாடியை, அதாவது வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதத்தைத் தேடும் விரைவுக் கருவி தொற்றைக் கண்டுபிடிக்க 23 முதல் 90 நாள் ஆகலாம். ஆன்டிஜென் (வைரஸின் சொந்தப் புரதம்), ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாள். வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் சோதனைக்கு 10 முதல் 33 நாள். ஐந்தாம் நாளில் எந்தச் சோதனையும் உதவாது. அவர் வந்திருக்க வேண்டியது 72 மணி நேரத்துக்குள், தொற்று வாய்ப்புக்குப் பிந்தைய தடுப்பு மருந்துக்காக. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது; தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வேலையில் தவறுதலாகத் தன்மேல் ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும், ஆணுறை கிழிந்தவருக்கும், வன்புணர்வுக்கு ஆளானவருக்கும் இதே விதி. இந்த 72 மணி நேரக் கணக்கு எத்தனை வாசகர்களுக்குத் தெரியும் என்று எங்களுக்குச் சந்தேகம்தான்.

மறுபுறம், ஒரே ஒரு விரைவுக் கருவியில் தொற்றைக் குறிக்கும் கோடு விழுந்ததும் ‘உனக்கு எச்.ஐ.வி.’ என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. ஆயிரத்தில் இரண்டு பேருக்குத் தொற்றுள்ள ஓர் ஊரில் 10,000 பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் தொற்றுள்ளவர்கள் 20 பேர். தொற்றில்லாதவர்களில் 99.5 சதவீதம் பேரைச் சரியாகச் சொல்லிவிடும் நல்ல கருவிதான். மீதி அரை சதவீதம் என்பது ஏறக்குறைய 50 பேர். ஆக, கோடு விழுந்த 70 பேரில் 50 பேருக்குத் தொற்றே கிடையாது! அதனால்தான் வெவ்வேறு கருவிகளில் அடுத்தடுத்து மூன்று முறை கோடு விழுந்த பிறகே உறுதி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் சொல்கிறது. முதல் கருவியிலேயே மறுபடி சோதிப்பதில் பயனில்லை. அது எதைப் பார்த்து ஏமாந்ததோ அதைப் பார்த்தே மறுபடி ஏமாறும்.

பிழைகளில் பலவும் கருவியைக் கையாளும் விதத்தில் வருபவை. குறிப்பிட்ட நிமிடங்களைத் தாண்டிப் படித்தால், காய்ந்துபோன பட்டையில் பொய்க்கோடு தெரியலாம். கருவி வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது. மங்கலான கோட்டையும் கோடாகவே எடுத்துக்கொண்டு அடுத்த கருவிக்குப் போக வேண்டும். ஒரு பெட்டியின் கரைசலை இன்னொரு பெட்டியின் பட்டையில் ஊற்றுவது, 30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் அறையில் கருவிகளை அடுக்கி வைப்பது என்று பட்டியல் நீளும்.

குழந்தைகள் விஷயம் தனி. தாயின் ஆன்டிபாடிகள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கக்கூடும் என்பதால், அதுவரை விரைவுக் கருவியால் தொற்றை உறுதிசெய்ய முடியாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் குதிகாலில் குத்தி, வடிகட்டித் தாள் அட்டையில் உள்ள வட்டங்களில் ரத்தச் சொட்டு எடுத்து, மரபணுப் பொருளைத் தேட வேண்டும். வட்டத்தை விரலால் தொடுவது, ஒரு சொட்டின் மேல் இன்னொரு சொட்டு விடுவது, முழுக்க உலராமல் உறையில் போடுவது, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மறப்பது: இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலும் அட்டை வீண். அட்டை சரியாக இருந்தும் முடிவு திரும்பிவர மாதக்கணக்கில் ஆனால் அதுவும் வீண்தான். சிகிச்சையின்றி விடப்படும் தொற்றுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறக்கிறார்கள். அதிலும் முதல் சில மாதங்களே மிக ஆபத்தானவை.

இத்தனைக்கும், தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது நன்றாகவே தடுக்கக்கூடியது. ஒன்றும் செய்யாவிட்டால் 15 முதல் 45 சதவீதம் வரை உள்ள வாய்ப்பு, சிகிச்சையால் 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது. கியூபா 2015-லும் தாய்லாந்து 2016-லும் இவ்வகைத் தொற்றை ஒழித்ததாகச் சான்று பெற்றன. கருவுற்ற தொடக்கத்தில் ‘இல்லை’ என்று வந்த பெண்ணுக்குப் பேறுகாலத்துக்கு முன்போ பாலூட்டும்போதோ தொற்றிவிடுவது பலரும் மறக்கும் ஓட்டை. புதிய தொற்றில் வைரஸ் அளவு மிக அதிகம். மூன்றாவது மும்மாதத்தில் இன்னொரு முறை சோதிப்பது இதற்காகத்தான்.

தொற்று உறுதியானவர்களுக்கு இன்று தரப்படும் முதன்மைச் சிகிச்சை தினம் ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. 2011-இல் வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வும் அதன்பின் வந்த ‘பார்ட்னர்’ ஆய்வுகளும் இதை ஐயமற நிறுவின. ஆனால் வைரஸ் தன் மரபணுவை உறங்கும் செல்களுக்குள் எழுதிவைத்துவிடுவதால், மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அது திரும்பிவிடும். அமில முறிவு மருந்தை மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; அமில முறிவு மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரைச் சாப்பிட வேண்டும். ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் தினம் இருவேளை தேவை. சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தனுப்புவது அரைகுறை வேலை.

இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் ஏன் இறந்தார்கள்? சி.டி.4 எனப்படும் நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போன பிறகு வந்துசேர்ந்தவர்களும், சிகிச்சையை இடையில் விட்டுத் திரும்பியவர்களும் இவர்களில் கணிசம். முதல் கொலையாளி காசநோய். அடுத்து வருவதில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையின் மூளையுறை அழற்சி முக்கியமானது. அப்படி வருபவருக்குச் சிறுநீரில் காசநோய்க்கான லாம் சோதனை, ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் சோதனை, பிற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்றும் உடனே வேண்டும். பூஞ்சை மூளையுறையைத் தாக்கியிருந்தால், எச்.ஐ.வி. மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிப்போட வேண்டும். அவசரப்பட்டால் சாவு கூடும். மற்றவர்களுக்கும் முதல் வாரங்களில் நோயெதிர்ப்புச் சக்தி மீளும்போது, மறைந்திருந்த கிருமிகளோடு அது சண்டையிட்டுக் காய்ச்சலும் நெறிகட்டலும் வரலாம். ‘மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் நோயே வந்தது’ என்று பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பேராவது நிற்பார்கள். 2015-இல் ‘கண்டறிந்த அனைவருக்கும் சிகிச்சை’ என்ற சரியான முடிவு வந்தபோது, சி.டி.4 சோதனை இனித் தேவையில்லை என்று பல நாடுகள் அதைக் கைவிட்டன. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைக் காட்டும் கண்ணையும் அதோடு மூடிக்கொண்டார்கள் என்பது எங்கள் கருத்து.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டு மருந்து 1996-இலேயே வந்துவிட்டது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் இருந்த விலையை, 2001-இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்து உடைத்தது. இன்று மேற்சொன்ன ஒற்றை மாத்திரை ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்து இருந்தும் கிடைக்காமல் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். லெனகாபவிருக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் விலை ஆண்டுக்கு 28,218 டாலர்; 2027 முதல், உரிமம் பெற்று அதே மருந்தைத் தயாரிக்கும் மாற்று நிறுவனங்களின் ஊசி ஆண்டுக்கு 40 டாலருக்குக் கிடைக்கும் என அறிவித்திருக்கிறார்கள். அதை விற்கும் உரிமம் 120 நாடுகளுக்கு. ஊசியின் இன்னொரு பெரிய ஆய்வில் தம் மக்களைப் பங்கேற்கச் செய்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. இதைவிட நன்றி கெட்ட பட்டியலைப் போட முடியுமா?

2025 ஜனவரி 20-இல் அமெரிக்கா, எச்.ஐ.வி. திட்டங்களுக்கும் போகும் தன் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தது. பின்னர் உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு தந்தாலும், தடுப்பு மாத்திரைக்கான விலக்கு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமே. முதல் அடி விழுந்தது வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு அழைத்துவரும் களப்பணியாளர்கள் மீதும், தடுப்புத் திட்டங்கள் மீதும். மாத்திரைக் கையிருப்பை மட்டும் கேட்டு எழுதும் செய்தியில் இந்த இழப்பு தெரியாது. எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், கண்டறிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை தொடங்கினார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது என்று தங்கள் செய்தியாளர்கள் கேட்டால் தெரிந்துவிடும்.

உலக எய்ட்ஸ் தினமான வரும் டிசம்பர் 1 சிறப்புப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்திக்கு இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதில் நான்கு விவரங்கள் போதும்: தொற்று வாய்ப்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து, 28 நாள் தொடர்ச்சி, எந்தச் சோதனை எத்தனை நாள் கழித்துச் செல்லும், ஒரே கருவியின் கோட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. இடம் போதாவிட்டால் சிவப்பு ரிப்பன் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி. பரிசோதனை, சிகிச்சைப் பணியில் உள்ள மருத்துவர்களும் ஆய்வக நுட்பநர்களும்