புளியங்கொட்டையில் கணக்கு வைத்த அம்மாவுக்கும் கூட நின்றவர்களுக்கும்

வருகிற வெள்ளியோடு என் மகளுக்கு மூன்று மாதம் முடிகிறது. ஓசூருக்குக் கிளம்பும் முன் இதை எழுதிவிட நினைத்தேன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் எங்கள் ஊரில் நேரில் நன்றி சொன்னால், "என்னாச்சு இவளுக்கு?" என்று பார்ப்பார்கள்.

வலி எடுத்த ராத்திரி 108 வரும்வரை என் கையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு முதல் நன்றி. அந்தக் கையில் என் நகம் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது அந்தப் பேச்சு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பால் பத்தல போலிருக்கே" என்றார்கள். பிறந்தபோது 2.8 கிலோ, ஐந்தாம் நாள் 2.6. எனக்கு உயிரே போய்விட்டது. தெருவில் கழுதைப் பால்காரர் குரல் கேட்டதும் ஆயா சங்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மாதான் மறித்தார். "இவளுக்கு நானும் குடுத்தேன்தான். இப்ப வேணாம்னு நர்சம்மா சொல்லிட்டாங்க, வேணாம்."

அந்த நர்சம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் சில நாளில் பிள்ளை எடை கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும் என்றார். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஐந்து நாள் கடந்த பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணியை நனைத்தால் பால் போதுமென்று அர்த்தம்.

அம்மாவுக்கு எழுதிவைக்கும் பழக்கம் இல்லை. மாசி, பங்குனியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். இந்த வருஷம் எனக்காக அந்தச் சீசனையே விட்டார். துணி நனையும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டை டம்ளருக்குள் விழும். சாயங்காலம் தரையில் கொட்டி எண்ணுவோம். முதல் நாள் ஏழு, மறுநாள் எட்டு. அதற்கப்புறம் யார் "பத்தல" என்றாலும் அம்மா வாயே திறக்கமாட்டார், டம்ளரை ஒரு குலுக்கு குலுக்குவார். பதினான்காம் நாள் எடை 2.85.

இதற்கு நடுவே, நான்காம் நாளிலிருந்து எனக்குக் காரணமே இல்லாத அழுகை. பிள்ளை பெற்ற பலருக்கும் இது வரும், இரண்டு வாரத்தில் அடங்கும், அதைத் தாண்டினால் மறைக்காமல் சொல், டாக்டரைப் பார்க்கலாம் என்றார் நர்சம்மா. எனக்குப் பன்னிரண்டாம் நாள் நின்றது. அதுவரை அம்மா ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பாலுக்கு எழுப்பறேன், தூங்கு" என்பார். ஒரே ஒருநாள் மட்டும், "உன்னைப் பெத்தப்ப நானும் அழுதேன். யார்கிட்டச் சொல்றது?" என்றார்.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதில் மட்டும் அவரோடு எனக்கு வழக்காகவே இருந்தது. கடைசியில் சீரகத் தண்ணீரில் சமாதானம் ஆனோம்.

நாட்டுக்கோழியும் கேழ்வரகு மாவுமாக வந்து, பாலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போன என் மாமியாருக்குத் தனியாக ஒரு நன்றி.

டம்ளரைக் கொட்டைகளோடு பைக்குள் வைத்தேன். "இது எதுக்குடி?" என்று அம்மா எடுத்து வெளியே வைத்துவிட்டார். மறுபடி வைத்திருக்கிறேன்.